சின்னத்திரையில் காத்திருந்தவர்



தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் 'சந்திரகாந்தா' என்றோர் இந்தித் தொடர் வந்தது தங்களுக்கு நினைவிருக்கலாம். மொழி புரியாவிட்டாலும் வாளும் மாயமும் மாறுவேடமும் நிறைந்த அத்தொடரை நம் வீட்டுப் பிள்ளைகள் இமைகொட்டாமல் பார்த்தார்கள். அதில் பத்ரிநாத் என்னும் ஒற்றனாக வந்த, பெரிய விழிகளையுடைய நெட்டை இளைஞர் யாரென்று அன்று எவரும் விசாரித்ததில்லை. அவர்தாம் பிற்காலத்தில் உலகமே அறிந்த இர்ஃபான் கான்.

'ஒரு நடிகரின் வாழ்க்கை நமக்கெதற்கு?' என்று புருவம் உயர்த்துவோர் நம்மில் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இது நட்சத்திரப் புகழ் பாடும் கட்டுரையன்று. வாப்பாவை இழந்த வீட்டின் மூத்த மகன், உம்மாவின் விருப்பத்துக்கு மாறாக ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு, அவ்வழியில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பலன் காணாமல் நடந்த செய்தி இது. அத்தகைய மகனோ மகளோ நம் வீடுகளிலும் இருக்கலாம் அல்லவா?

இராஜஸ்தானில் நவாபுகள் ஆண்ட ஒரே சமஸ்தானம் டோங்க். அரபு, பாரசீகச் சுவடிகளைக் காக்கும் பெரும் ஆய்வு நிலையம் இன்றும் அவ்வூரில் இருக்கிறது. அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட பட்டாணியக் குடும்பமொன்றில் 1967 ஜனவரி 7ஆம் நாள் இர்ஃபான் பிறந்தார், வளர்ந்தது ஜெய்ப்பூரில். தந்தை யாஸீன் அலீ கான் டயர் வியாபாரம் செய்தார். வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். மகனோ சிறு வயதில் இறைச்சியையே தொடாதவர். பட்டாணியர் வீட்டில் ஒரு பிராமணப் பிள்ளை பிறந்துவிட்டதென்று தந்தை கேலி செய்வாராம். தாயார் சயீதா பேகம்.

சிறுவனின் முதல் கனவு நடிப்பு அன்று, கிரிக்கெட். இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோருக்கான சி.கே.நாயுடு கோப்பைப் போட்டிக்கு அவர் தேர்வும் ஆனார். போய்வர 600 ரூபாய் வேண்டியிருந்தது. அதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டதாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார். டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளிக்குப் புறப்பட்டபோது தேவைப்பட்டது 300 ரூபாய். அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவருடைய சகோதரி. நாடக அனுபவம் இருப்பதாகப் பொய் சொல்லித்தான் அப்பள்ளியில் சேர்ந்தேன் என்பதையும் அவர் மறைத்ததில்லை. ஆண்டு 1984. அக்காலத்தையொட்டியே தந்தை வஃபாத்தானார். வீட்டிலிருந்து பணம் வரும் வழி அடைபட, பள்ளி தந்த உதவித்தொகைதான் அவரைத் தாங்கியது. மூத்த மகன் ஊரோடு ஓர் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தாயாரின் ஆசை. அது ஈடேறவில்லை.

படிப்பு முடியும் தறுவாயில் ஒரு வாசல் திறந்தது போலிருந்தது. மும்பைத் தெருச்சிறுவர்களின் வாழ்வைப் படமாக்கவிருந்த இயக்குநர் மீரா நாயர், நாடகப் பள்ளியில் அவரைக் கண்டு 'சலாம் பாம்பே' படத்துக்கு அழைத்துக்கொண்டார். மும்பையில் தெருப்பிள்ளைகளோடு தங்கிப் பயிற்சியும் நடந்தது. ஆனால் படப்பிடிப்பு நெருங்கியபோது, முக்கிய வேடத்துக்கு அவரது உருவம் பொருந்தாதெனக் கருதப்பட்டு, மிகச் சிறிய வேடமொன்றுக்கு மாற்றப்பட்டார். வீதியோரத்தில் பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஆள்! ஊரில் இருக்கும் தன் தாய்க்கு ஒரு சிறுவன் கடிதம் சொல்ல, அவர் எழுதுகிறார். சில நிமிடங்களில் காட்சி முடிந்துவிடுகிறது. அன்றிரவு அவர் அழுததாகவும், பெரிய வேடமொன்று பிறகு தருவதாகத் தாம் வாக்களித்ததாகவும் மீரா நாயர் கூறியிருக்கிறார். 1988இல் படம் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. கடிதம் எழுதியவரை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு தொலைக்காட்சிதான் சோறு போட்டது. ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் தோன்றினார். 'சாணக்கியா'வில் சேனாபதி பத்ரசாலன் ஆனார். ரஷ்ய நாடகமொன்றைத் தழுவிய தூர்தர்ஷன் படத்தில் லெனினாக நடித்தார். உருதுக் கவிஞர்களைப் பற்றிய 'கஹ்கஷான்' தொடரில் ஹைதராபாத்தின் மக்தூம் முஹ்யித்தீனாக உருவெடுத்தார். உருதுவை நேசிக்கும் நம் பெரியவர்கள் இதை மட்டுமாவது தேடிப் பார்க்க வேண்டும். கவிஞர் ஒருவரைத் திரையில் காட்டும்போது கைகளை வீசிக் கண்களை மூடிக்கொள்ளும் வழக்கமான பாவனை அவரிடம் கிடையாது.

இவை சிறந்தவை. இவற்றுக்கிடையே, நாள்தோறும் படம்பிடித்து மறுவாரமே ஒளிபரப்பும் குடும்பத் தொடர்கள் எத்தனையோ! கதை சொல்ல வந்த தாம் அத்தொடர்களுக்குள் சிக்கிக்கொண்டதாக அவர் வருந்தியிருக்கிறார். நடிப்பு மோசம் என்று கூறி ஒருமுறை ஊதியமே தராமல் அனுப்பிவிட்டதையும் சொல்லியிருக்கிறார். 1995இல் தம்முடன் பயின்ற எழுத்தாளர் சுதபா சிக்தரை மணந்தார். இரு ஆண்மக்கள் பிறந்தனர். தொழிலையே விட்டுவிடலாமா என்னும் எண்ணம் அவரைத் துரத்தியது இக்காலத்தில்தான்.

நம்மிடையே இத்தகைய ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓயாமல் வசனம் பேசவைக்கும் தொடர்களில் அத்தனை காலம் உழன்றவருக்குத்தான் பேசாதிருப்பதன் மதிப்புத் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் பெயர் பெற்றது வசனத்தினால் அன்று. சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் அந்தக் கணத்தினால்.

முப்பத்து நான்காம் வயதில் விடிந்தது. ஆசிஃப் கபாடியா என்னும் இளம் பிரிட்டிஷ் இயக்குநர், 2001இல் வெளியான 'தி வாரியர்' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கினார். கொடுங்கோல் தலைவனிடம் வாளேந்தி, பின்னர் வன்முறையைத் துறந்து நடக்கும் வீரன் வேடம். சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது அப்படத்துக்குக் கிடைத்தது. இந்தித் திரையுலகமும் விழித்துக்கொண்டது. 'ஹாசில்', ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தைத் தழுவிய 'மக்பூல்' என அடுத்தடுத்து வந்தன.

மீரா நாயரும் வாக்கை மறக்கவில்லை. ஜும்பா லாஹிரியின் நாவலைப் படமாக்கியபோது, அமெரிக்காவில் குடியேறிய வங்கத் தந்தை அசோக் கங்கூலி வேடத்தை அவருக்கே கொடுத்தார். 2006இல் வெளியான 'தி நேம்சேக்' அது. கடிதம் எழுதுபவராகத் தோன்றி மறைந்ததற்கும் இதற்கும் இடையே கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள்!

இதற்குப்பின் அவர் நடித்த படங்களின் பட்டியல் நீளமானது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் காவல் ஆய்வாளர்; 'லைஃப் ஆஃப் பை'யில் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து கனடாவில் வாழும் பை பட்டேல்; ஓட்டப் பந்தய வீரராய் இருந்து கொள்ளைக்காரராக மாறிய இராணுவ வீரரின் உண்மைக் கதையான 'பான் சிங் தோமர்'. கடைசியாகச் சொன்னதற்காக, மராத்தி நடிகர் விக்ரம் கோகலேயுடன் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். தொலைக்காட்சியையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. 2016இல் 'டோக்கியோ டிரையல்' என்னும் குறுந்தொடரில், இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த மன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதாவினோத் பால் ஆனார்.

இல்லத்தரசிகளுக்கு நான் பரிந்துரைப்பது 2013இல் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்'. மும்பையில் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாக்காரர்களின் கையில் ஒரு டப்பா இடம் மாறிவிடுகிறது. கணவனுக்கென்று ஒரு பெண் பார்த்துப் பார்த்துச் சமைத்தது, ஓய்வுபெறும் நிலையிலுள்ள, மனைவியை இழந்த குமாஸ்தா ஒருவரின் மேசைக்குப் போகிறது. காலி டப்பா வீடு திரும்புகிறது. அவள் நன்றி கூறி ஒரு சீட்டு வைக்கிறாள். மறுமொழியாக அவர் எழுதி அனுப்புவது என்ன தெரியுமா? இன்று உப்பு அதிகம் என்பதை! உணவகமொன்றில் அவள் தனக்காகக் காத்திருப்பதைக் கண்டும், தம் வயதை எண்ணி, அருகே போகாமல் வேறொரு மேசையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் இர்ஃபானின் முகத்தைப் பாருங்கள். ஒரு சொல்லும் இல்லை.

பெயரும் புகழும் வந்தபின்னரும், அமெரிக்க விமான நிலையங்களில் பெயரின் காரணமாக அவர் நிறுத்தி வைக்கப்பட்டதுண்டு. பரம்பரையினால் அன்றித் தொழிலினால் அறியப்பட விரும்புவதாகக் கூறி, 'கான்' என்பதை அவரே விட்டுவிட்டார்.

2016இல் நம் சமூகத்தோடு அவருக்கு ஒரு பிணக்கும் ஏற்பட்டது. ஜெய்ப்பூரில் பட விளம்பரத்துக்காக வந்த இடத்தில், குர்பானி என்பது நமக்குப் பிரியமானதைத் துறப்பதே அன்றி, இரண்டு நாள் முன் வாங்கிய ஆட்டை அறுப்பதாகாது என்னும் பொருளில் பேசிவிட்டார். உலமாக்கள் சிலர் சினந்து, நடிப்போடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். மார்க்கத் தலைவர்களுக்குத் தாம் அஞ்சவில்லை என்று அவர் பதில் கூறினார். அவருடைய கூற்றை நான் ஏற்கவில்லை. ஆண்டுக்கொருமுறை குர்பானிப் பங்கினால் மட்டுமே இறைச்சி காணும் ஏழை வீடுகளை நான் அறிவேன். எனினும், இறைச்சியைத் தொடாத அந்தச் சிறுவனை எண்ணும்போது, அது ஏளனத்தில் பிறந்த பேச்சென்று கொள்ளவும் மனம் வரவில்லை. நம் பிள்ளைகள் இதே கேள்வியை வீட்டில் கேட்டால் வாயடைப்போமா, விளக்குவோமா?

2018 மார்ச்சில் தமக்கு நியூரோ எண்டோகிரைன் கட்டி என்னும் அரிய வகைப் புற்றுநோய் கண்டிருப்பதாக அவரே அறிவித்தார். சிகிச்சைக்கு லண்டன் சென்றார். அங்கிருந்து எழுதிய கடிதமொன்றில், தாம் வலியோடு நுழைந்த மருத்துவமனை லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்துக்கு எதிர்ப்புறம் இருந்ததையும், விவியன் ரிச்சர்ட்ஸின் சிரித்த முகப் படமொன்று அங்கே தெரிந்ததையும் குறிப்பிட்டிருந்தார். 600 ரூபாய் கிடைக்காமல் மட்டையைக் கீழே வைத்த இளைஞர், அந்த மைதானத்தருகே வந்து சேர்ந்த விதம் அது.

சற்றுத் தேறி வந்து, 'அங்க்ரேஸி மீடியம்' படத்தை முடித்துக் கொடுத்தார். மகளின் மேற்படிப்புக்காக அல்லாடும் ஒரு தந்தையின் கதை. 2020 மார்ச் 13இல் வெளியாயிற்று. கொரோனாவினால் திரையரங்குகள் மூடப்பட்டுவிட்டன. ஏப்ரல் 25ஆம் நாள் தாயார் சயீதா பேகம் ஜெய்ப்பூரில் வஃபாத்தானார். நாடெங்கும் ஊரடங்கு. மும்பையில் இருந்த மகனால் ஜனாஸாவில் கலந்துகொள்ள இயலவில்லை. மூன்று நாட்களில் அவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ரமளானின் முதல் வாரத்தில், ஏப்ரல் 29 அன்று தமது 53ஆம் வயதில் உயிர் நீத்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வர்ஸோவா மையவாடியில், ஊரடங்கு அனுமதித்த ஒருசிலர் முன்னிலையில் அன்றே அடக்கம் நடந்தது.

மறு ஆண்டு ஃபிலிம்ஃபேர் விழாவில் அவருக்குரிய விருதுகளை மூத்த மகன் பாபில் பெற்றுக்கொண்டார். அவர் முன்பே நடித்திருந்த 'தி சாங் ஆஃப் ஸ்கார்பியன்ஸ்' என்னும் படம் 2023 ஏப்ரல் 28இல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் அவர் ஓர் ஒட்டக வியாபாரி; கதை நடப்பது இராஜஸ்தான் பாலைவனத்தில்.