தோலில் விழுந்த துளை

நான் ரவிக்கை தைக்கிறவள். வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் என் கடை. தையல் மிஷின் மிதிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு, சாணை பிடித்த கத்தரிக்கோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சிவகிரி தாண்டியதும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. கத்தரியின் மூக்கு பையைக் கிழித்து வெளியே வந்து, பக்கத்தில் நின்ற பிள்ளையின் முழங்காலில் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இதற்கு ஒரு தோல் உறை போடாமல் இனி வாசல் தாண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போய், "இதுக்கு ஒரு உறை தைச்சுத் தாங்க அண்ணாச்சி" என்று கத்தரியை நீட்டினேன். அவர் கத்தரியைப் பார்த்ததைவிட என் விரல்களைத்தான் அதிகம் பார்த்தார். "இத்தன வருசமா ஊசி பிடிச்ச கை. தோலும் நூலும் நான் தாரேன். நீயே தைச்சுப் பாரு தாயி. தப்பா வந்தா நான் இருக்கேன்லா?" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

இப்போது கத்தரி உறை, சில்லறைப் பை, இடுப்பு பெல்ட், மகளுக்கு நோட்டு அட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தைக்கிறேன். விற்பதற்கு இல்லை, என் ஆசைக்கு. ஆசைப்படும் மற்றவர்களுக்காக நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோலைத் தெரிய வேண்டும்

முதல் நாள் அவர் ஊசியையே தரவில்லை. இரண்டு தோல் துண்டுகளை என் முன்னால் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். வெளிர் பழுப்பாக, விறைப்பாக இருந்த துண்டு தண்ணீரை உறிஞ்சி அந்த இடத்தில் கறுத்தது. மெத்தென்று இருந்த கறுப்புத் துண்டில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது.

பச்சைத் தோல் அழுகக்கூடியது. அழுகாமல் அதைக் கட்டிப்போடுவதுதான் பதனிடுதல். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தில் வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய முறை; அந்த வெளிர் பழுப்புத் துண்டு அப்படி வந்ததுதான். நம் பக்கத்து ரோட்டோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டைதான் தமிழ்நாட்டுத் தோலுக்கு நெடுங்காலம் பதமூட்டியது. கடைசியில் கடுக்காய் நீரும் சேரும். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இப்படித் தயாரான தோல் ‘ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்’ என்ற பெயரில் கடல் கடந்து போனது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆவாரம்பட்டையின் இடத்துக்குப் பின்னாளில் வாட்டில் மரப்பட்டை வந்தது.

மற்றது, அந்தக் கறுப்புத் துண்டு, குரோமிய உப்பில் பதனிட்ட தோல். ஒன்றிரண்டு நாளில் பதமாகிவிடும், மெத்தென்று வளையும். சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். இன்று கடையில் நாம் வாங்கும் பெரும்பாலான கைப்பையும் ஷூவும் இந்த வகை. அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது.

கையால் தைத்துப் பழக, பட்டையில் பதனிட்ட தோலை வாங்குங்கள். நனைத்தால் இளகும், அழுத்திய வடிவத்தில் நிற்கும், ஓரத்தைத் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். குரோம் தோல் இந்த மூன்றுக்கும் அவ்வளவாக இணங்காது. வெட்டிய விளிம்பைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம், முழுக்கப் பழுப்பு என்றால் பட்டை.

சென்னைப் பெரியமேட்டிலும் திண்டுக்கல்லிலும் தோல் வாங்கலாம். முழுத் தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. கனம் முக்கியம். சில்லறைப் பைக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும், கத்தரி உறைக்கு 2, பெல்ட்டுக்கு 3 முதல் 4. துணியில் நேர்வாட்டம் இழுபடாது, கிராஸ் இழுபடும் என்பது தையல்காரர்களுக்குத் தெரியும். தோலிலும் அந்தக் கணக்கு உண்டு. மாட்டின் முதுகுப் பக்கத் தோல் கெட்டியானது, நீளாது. வயிற்றுப் பக்கம் நெகிழ்ந்து கொடுக்கும். பெல்ட்டை வயிற்றுத் தோலில் வெட்டினால் ஆறே மாதத்தில் கூடுதல் துளை போட வேண்டிவரும்.

ஏழு கருவிகள் போதும்

முப்பது நாற்பது கருவிகளைப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். பெரியவரின் சாக்குப்பையில் இருப்பவை பத்துகூட இல்லை. நான் தொடங்கியது ஏழில்.

முதலாவது கத்தி. பிளேடு மாற்றும் கட்டர் போதும், ஆனால் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் அறுக்க நினைக்காமல் மூன்று நான்கு தடவை லேசாக இழுக்க வேண்டும். தோலை மடிக்கும் இடத்தில் சதைப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி மெலிதாக்கவும் இதே பிளேடு உதவும்.

இரண்டாவது, பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் டிவைடர். ஒரு காலை விளிம்பில் ஓடவிட்டு மறுகாலால் 4 மில்லிமீட்டர் உள்ளே கோடு கீறினால் தையல் பாதை கோணாமல் வரும். மூன்றாவது என் கடையிலேயே இருந்தது: துணியில் மாதிரியைப் படியெடுக்கும் பல்சக்கரம். கீறிய கோட்டின் மேல் அதை உருட்டினால் ஒரே இடைவெளியில் புள்ளிகள் பதியும். அதைக் கண்டதும் பெரியவர் வாங்கித் தன் தோல் துண்டில் இரண்டு தடவை உருட்டிப் பார்த்தார்.

நான்காவது குத்தூசி. இதன் முனை உருண்டையாக இல்லாமல் சாய்சதுரமாக இருப்பது நல்லது. துளையைச் சற்றுச் சாய்த்துக் குத்தினால், நூல் இழுபடும்போது ஒவ்வொரு தையலும் ஒரே சாய்வில் படுக்கும். ஐந்தாவது இரண்டு ஊசிகள், அதுவும் முனை மழுங்கியவை. துளையைக் குத்தூசியே போட்டுவிடுகிறது. கூர்மையான ஊசி போனால், ஏற்கெனவே ஓடும் நூலைக் குத்திப் பிளந்துவிடும். ஆறாவது, தேன்மெழுகு தேய்த்த கெட்டி நூல். மெழுகு நூலை வழுக்கிச் செல்ல வைக்கும், துளைக்குள் பிடித்தும் நிற்கும். ஏழாவது உப்புத்தாளும் வழவழப்பான ஒரு மரக்கட்டையும், ஓரத்தை மெருகேற்ற.

இவற்றோடு ஒட்டுவதற்குக் கொஞ்சம் சொல்யூஷன். அதைச் சன்னலைத் திறந்துவைத்தே பூசுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றவைக்கும்.

ஒரு நூல், இரண்டு ஊசி

தையல் மிஷினில் மேல்நூல் ஒன்று, கீழே பாபின் நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவில் கொக்கி போட்டுக்கொள்ளும். ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் கைத்தையல் வேறு மாதிரி. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். முதல் துளையில் நூலை நுழைத்து இரு பக்கமும் சமமாக்கிக்கொண்டு, அடுத்த துளையில் முதலில் இடது கை ஊசி, பிறகு அதே துளையில் வலது கை ஊசி. இரண்டு கையாலும் ஒரே வலுவில் இழுக்க வேண்டும். எந்த ஊசி முதலில் என்ற வரிசையைக் கடைசி வரை மாற்றக் கூடாது. முடிக்கும்போது இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை அறுக்கலாம். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும்.

என் முதல் உறை வீணாகிப்போனது. துணிக்குச் செய்வதுபோல் இரண்டு துண்டிலும் தனித்தனியாகத் துளையிட்டுவிட்டுப் பிறகு சேர்த்தேன். ஒன்றில் முப்பத்தொரு துளை, இன்னொன்றில் முப்பத்திரண்டு. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். ஊசி போன தடம் இஸ்திரி போட்டால் மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான்.

பெரியவர் திட்டவில்லை. "குத்துறதுக்கு முன்ன நெனை தாயி. குத்துன பெறவு நெனைச்சு என்னத்துக்கு?" என்றார். பிறகு முறையைச் சொன்னார். முதலில் ஒட்டு, ஓரத்தைச் சமமாக்கு, அப்புறம் இரண்டையும் சேர்த்தே குத்து. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் காகிதத்தில் வெட்டிப் பார்க்காமல் நான் தோலில் கத்தி வைப்பதில்லை.

ஓரத்துக்கு உப்புத்தாள் போட்டு, லேசாக ஈரம் தொட்டு, மரக்கட்டையால் சூடேறும்வரை தேய்க்க வேண்டும். நான் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிய கூழை விரலில் தொட்டுத் தடவுகிறேன், ஓரத்தின் நார்கள் படிந்துவிடும். உறைக்கு வடிவம் வர, தோலை நனைத்து, பாலித்தீன் சுற்றிய கத்தரியை உள்ளே வைத்து விரலால் அழுத்தி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் சுருங்கி வறட்டியாகும். காய்ந்த பிறகு எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே ஒரு பூச்சு. நான் ஒரு தடவை தேங்காயெண்ணெயைத் தாராளமாக விட்டதில் திட்டுத் திட்டாகக் கறுத்தது இன்றும் அப்படியே இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமாக வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

இரண்டாவது உறையைக் கொண்டுபோனபோது பெரியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத் தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "ம்" என்றார். நானும் ஒரு ரவிக்கையை எடை போடுவது உள்பக்கத்தைத் திருப்பித்தான்.

யாருடைய கை

என் சின்ன வயதில் தாத்தாவின் தோட்டத்தில், மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கமலை இருந்தது. நீர் அள்ளும் கூனையின் அடியில் தோலால் தைத்த வால் தொங்கும். மாடு வடத்தை இழுக்க, கூனை மேலே வரும்வரை அந்த வால் மடங்கி மேல்நோக்கி நிற்கும், தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வால்கயிறு அதைத் தாழ்த்த, தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். சொட்டுக்கூட ஒழுகாத தையல் அது. இப்போது குத்தூசி பிடித்த பிறகுதான் அந்த வேலையின் அருமை எனக்குப் புரிகிறது.

வாலைத் தைக்க வந்தவர் தண்ணீர் கேட்டால் எங்கள் ஆச்சி சொம்பை உயர்த்தி, அவர் ஏந்திய கைகளில் ஊற்றுவாள். சொம்பு அவர் கையில் படாது. அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீர்தான் அது. எங்கள் வயலும் அதில்தான் விளைந்தது.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும் இடத்தில், துணி தைப்பவரும் தோல் தைப்பவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். துன்னுதல் என்றால் தைத்தல். இருவருக்கும் அந்த ஒரே சொல்தான். பக்கத்து நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் புலித்தேவரின் தளபதி ஒண்டிவீரன், தோல் வேலை செய்பவராகப் பகைவர் முகாமுக்குள் நுழைந்தார் என்று வழிவழியாகக் கதை சொல்கிறோம். 2022இல் அவருக்குத் தபால்தலையும் வந்தது. வீரத்தைக் கொண்டாடுகிறோம். அந்தக் கதைக்குள் இருக்கும் தொழிலை மட்டும் தள்ளியே உட்கார வைத்திருக்கிறோம்.

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பின் சாயலில் செருப்புகளை மேடையேற்றியது. எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லவில்லை. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்த பின்தான் ஒப்புக்கொண்டது. தைத்த கையின் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு என்று நாம் கோபப்பட்டோம். அந்தக் கோபம் நியாயமானது. நம் ஊர் பஸ் நிறுத்தத்திலும் அது நியாயம்தான்.

ஆகவே, தோல் தைக்கப் பழக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது. கருவி வாங்கும் முன் உங்கள் ஊரில் தைக்கிறவரிடம் போய், மரியாதையாகக் கேட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் அவரைச் சொல்லுங்கள். இன்னும் ஆழமாகக் கற்க நினைப்பவர்களுக்கு, சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது.

பெரியவர் என்னிடம் பணம் வாங்க மறுத்தார். "பேத்திக்கு ஒரு சுரிதார் தைச்சுக் கொடு, போதும்" என்றார். அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை பத்தாவது படிக்கிறாள், நர்ஸாக வேண்டும் என்கிறாள். தாத்தாவின் வேலை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். அது அவள் உரிமை. பிறப்பு என்ற கயிற்றால் கட்டிப்போட்ட வேலையை விட்டுப் போகிறவர்கள் போகட்டும், விரும்பி வருகிறவர்கள் வரட்டும். கை வேலைக்கு அதுதான் நல்லது. அவள் கொடுத்த சொம்பை வாங்கி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வாரம் சுரிதாரைக் கொண்டுபோனேன். பேத்தி வாங்குவதற்குள் பெரியவர் கையை நீட்டினார். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, விலாத் தையலின் மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். "ம்" என்றார்.