வானத்தில் வட்டமிடுவது கருடனா, கடல் கழுகா?

கும்பாபிஷேகத்தன்று கோயிலுக்கு மேலே கருடன் வட்டமிட்டால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். அதேபோல் சிங்கப்பூர் வானத்தில் வட்டமிடும் இன்னொரு பெரிய பறவையும் உண்டு. வெள்ளை வயிற்றுக் கடல் கழுகு!

ரெண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

- கருடன்: தலையும் நெஞ்சும் வெள்ளை. மற்றதெல்லாம் செங்கல் நிறம்.

- கடல் கழுகு: தலையும் வயிறும் வெள்ளை. முதுகும் இறக்கையும் சாம்பல் நிறம். வால் குட்டை. இறக்கைகளை விரித்தால் சுமார் 2 மீட்டர்! மிதக்கும்போது அவற்றைச் சற்று மேல்நோக்கித் தூக்கி வைத்திருக்கும்.

பழுப்பு நிறத்தில் பெரிய கழுகு தெரிகிறதா? அது இளம் கடல் கழுகாக இருக்கலாம். வெள்ளை நிறம் முழுசா வர நாலைந்து வருஷம் ஆகும்.

மீனை எப்படிப் பிடிக்கும்?

தாழப் பறந்து வந்து, கால்களை முன்னே நீட்டி, நீர்மட்டத்தில் இருக்கும் மீனை அப்படியே கவ்விக்கொண்டு போய்விடும். தண்ணீருக்குள் முங்குவது அபூர்வம். கடல் பாம்பையும் விடாது. மற்ற பறவைகள் பிடித்த இரையைப் பறித்துக்கொள்வதும் உண்டு.

எங்கே பார்க்கலாம்?

சுங்கை பூலோ, புலாவ் உபின் போன்ற கரையோர இடங்களில் பார்க்கலாம். கடல்தான் வேணும்னு இல்லை. மெக்ரிட்சி போன்ற நீர்த்தேக்கங்களுக்கும் வரும்.

மரம் ஏன் முக்கியம்?

ஒரே ஜோடி, அதே கூட்டுக்கு வருஷா வருஷம் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் குச்சிகளை அடுக்கிக் கூட்டைப் பெரிசாக்கும். அதைத் தாங்க உயரமான மரம் வேண்டும்.

இங்கே அவை அதிகம் நாடுவது அல்பிசியா மரத்தை. கம்பங்கள் காலியான நிலங்களில் தானாக முளைத்து, மளமளவென வளர்ந்த வெளிநாட்டு மரம் அது. ஆனால் பலமில்லாதது, புயல் காற்றில் எளிதில் முறியும். அதனால் சாலையோரங்களில் ஆபத்து என்று வெட்டப்படுகிறது. கட்டுமானத்துக்காகவும் மரங்கள் போகின்றன. மரம் போனால், பல வருஷமாகக் கட்டிய கூடும் போச்சு.

நாம் என்ன செய்யலாம்?

கூட்டைக் கண்டால் தள்ளி நின்றே பாருங்கள். படம் எடுக்க ட்ரோன் அனுப்பாதீர்கள். தொந்தரவு அதிகமானால் பறவைகள் முட்டையோடு கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

தெரியுமா?

சிங்கப்பூரின் பழைய 'பறவை' வரிசை நோட்டுகளில், 10,000 வெள்ளி நோட்டில் இருந்தது இந்தக் கழுகுதான்!