வைக்கோல் போருக்குள் 11 முட்டை!
கேட்காமல் கருக்கூடிய முட்டைகளைக் கண்டறிவதும் கையாள்வதும்

நாலைந்து நாளாக ஒரு கோழியைக் காணோம். கீரி தூக்கியிருக்கும் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் மாட்டுக்கு வைக்கோல் உருவும்போது, போரின் அடியில் சீறிக்கொண்டு அதே கோழி உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுக்குக் கீழே 11 முட்டை. சிறுமலை அடிவாரத்திலும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோழியை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான் இது.

எடுத்தால் அடை கெடும், விட்டால் தீனிச் செலவு கூடும். எல்லாவற்றையும் அள்ளி விற்றுவிடலாம் என்றால் அதில்தான் ஆபத்து. வாங்கியவர் வீட்டில் முட்டையை உடைக்கும்போது ரத்த நாளமும் குஞ்சின் கண்ணும் தெரிந்தால், நாட்டுக்கோழி முட்டைக்கு இருந்த வாடிக்கை அன்றோடு போய்விடும். சிறு குடும்பத்தின் கைச்செலவுக்கு அந்த முட்டைக் காசுதான் வழி என்றால், அது சின்ன இழப்பு இல்லை.

சேவலை விற்றாலும் கருக்கூடும்

கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. நாமக்கல் பண்ணைகளின் கூண்டுகளில் சேவலே கிடையாது. அதனால் கடையில் வாங்கும் பண்ணை முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது. காந்தியடிகள் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார். சேவல் சேராத முட்டை குஞ்சாகாது. பால் குடிப்பவர்கள் அதை உண்ணத் தயங்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அவர் பெயரால் 1947-இல் தொடங்கப்பட்ட காந்திகிராமம் இருப்பதும் இதே சிறுமலை அடிவாரத்தில்தான்.

மேய்ச்சல் கோழியில் கதை வேறு. ஒருமுறை சேவல் சேர்ந்தால், அதன் விந்து கோழியின் உடலுக்குள்ளேயே தங்கி, பத்துப் பதினைந்து நாள் வரை இடும் முட்டைகளைக் கருவுறச் செய்யும். சில கோழிகளில் மூன்று வாரம்கூட நீடிக்கும். ‘சேவலைத்தான் போன வாரமே விற்றுவிட்டோமே’ என்ற கணக்கு இங்கேதான் தவறுகிறது. பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டினாலும் போதும். வீட்டிலேயே வளர்ந்த ஐந்தாறு மாத விடைச்சேவலும் போதும்.

வெயிலும் அடைகாக்கும்

கருவுற்ற முட்டை வெளியே வரும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். முட்டை ஆறியதும் அது உறங்கிவிடும். சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளர்ச்சி நிற்கும். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் அரைகுறையாக மறுபடி வளரும். ஒழுங்காகப் பொரிக்க 37.5 டிகிரி வேண்டும்.

சித்திரை, வைகாசியில் திண்டுக்கல் சமவெளியில் ஓட்டு வீட்டுக்குள் என்ன வெப்பம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோழி உட்காராமலே கரு கொஞ்சம் வளர்ந்து, பிறகு செத்து, கூமுட்டையாகிறது. மலைமேல் உள்ள வீடுகளில் குளிர்ச்சியால் இந்தத் தொல்லை குறைவு. இடிச் சத்தத்தால் முட்டை கெட்டது என்று சொல்லப்படும் பல முட்டைகள், அடைவைக்கும் முன்பே வெயிலில் கெட்டவையாக இருக்கலாம்.

எனவே முட்டையைக் காலை, மாலை இருவேளையும் எடுங்கள். ஈர மணல்மேல் மண்பானையை வைத்து, உள்ளே முட்டையை அடுக்கி, மேலே ஈரத்துணி மூடினால் போதும். அடைக்கென எடுத்துவைக்கும் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஒரு வாரத்துக்குள் அடைவையுங்கள். உணவுக்கு என்றால் குளிர்பதனப் பெட்டி நல்லது. அன்றன்று எடுத்த முட்டை கருவுற்றதாக இருந்தாலும் சத்திலும் ருசியிலும் எந்த வேறுபாடும் இல்லை.

டார்ச் விளக்கு சொல்லும் சேதி

கண்டெடுத்த முட்டைகளை இருட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி டார்ச்சின்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்து, வெளிச்சம் சிதறாமல் விரலால் சுற்றி மூடிப் பாருங்கள்.

முட்டை முழுக்கத் தெளிவாக இருந்தால் கரு வளரவில்லை. சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிருள்ள கரு. நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது. பெரும்பகுதி கறுத்து, அகன்ற முனையில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் குஞ்சு நன்றாக வளர்ந்துவிட்டது. வெளிர் ஓட்டில் நான்காம், ஐந்தாம் நாளே நரம்பு தெரியும். பழுப்பு ஓட்டுக்கு ஏழாம் நாள் பார்ப்பதே நிச்சயம்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது முட்டையின் வயதைத்தான் காட்டும், கருவைக் காட்டாது. படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் பழையது, மிதந்தால் உணவுக்கு ஆகாது. அடைவைக்கப் போகும் முட்டையைத் தண்ணீரில் போடவே வேண்டாம். ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும்.

பிரித்த பிறகு என்ன செய்வது?

அந்த 11 முட்டையில் 6 நரம்போடியவை, 3 தெளிந்தவை, 2 ரத்த வளையம் உள்ளவை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறையும் உடனே கோழிக்கடியில் வையுங்கள். தெளிந்த மூன்றையும் கோழிச்சூட்டில் கிடந்த காரணத்தால் விற்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, வாடையில்லாமல் இருந்தால் நன்றாக வேகவைத்து, உதிர்த்துக் கோழிக்குப் போடலாம். ஓட்டோடு பச்சையாகப் போட்டால் கோழி முட்டை குடிக்கப் பழகிவிடும். ரத்த வளையம் உள்ள இரண்டையும் வாழை மரத்தடியில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் நாய் தோண்டும்.

குஞ்சே வேண்டாம் என்றால் நரம்பு தோன்றும் முன்பே முடிவெடுப்பதுதான் நல்லது. இரண்டு வாரம் வளர்ந்த கருவை அழிக்கப் பெரும்பாலான வீடுகளில் மனம் வராது. அப்போது விட்டுவிட்டு, பிறகு தீனிக்குத் திண்டாடுவதுதான் நடக்கிறது. பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

குஞ்சு வேண்டுமென்றால்

இருட்டிய பிறகு கோழியையும் முட்டைகளையும் கூடைக்கு மாற்றி, கீரியும் பாம்பும் நுழையாத அறையில் வையுங்கள். ஒரு நாட்டுக்கோழி 10, 12 முட்டை வரை தாங்கும். முட்டைகளில் கரித்துண்டால் கோடு போடுங்கள். மற்ற கோழிகள் வந்து இட்டுச் செல்லும் புது முட்டையில் கோடு இருக்காது. அதை அன்றே எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் 21-ஆம் நாள் முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கிப் போகும். பிந்திய முட்டைகளுக்குள் குஞ்சு செத்துப்போகும்.

பொரித்த ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் ஊசி. இதைத் தவறவிட்டால் பாடுபட்டுக் காத்த குஞ்சுகள் ஒரே வாரத்தில் போய்விடும். கால்நடை மருந்தகத்திலோ, திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்திலோ விவரம் கேட்கலாம்.

வாசகர்கள் கேட்பவை

அடையில் உட்கார்ந்த கோழியை எழுப்புவது எப்படி?
மூக்கில் இறகைக் குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் வதை. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், தீனி, தண்ணீரோடு மூன்று, நான்கு நாள் வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளியும்.

உடைத்த முட்டையில் ரத்தப் பொட்டு இருந்தால் கரு என்று பொருளா?
இல்லை. முட்டை உருவாகும்போது சிறு ரத்த நாளம் வெடித்தாலும் பொட்டு வரும். சேவல் சேராத முட்டையிலும் இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

மலையில் கிடைத்த காட்டுக்கோழி முட்டையை வீட்டுக் கோழியில் அடைவைக்கலாமா?
கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. முட்டையைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

இனிமேல் கேட்காமல் கருக்கூடாமல் இருக்க என்ன வழி?
சேவலைத் தனியே அடைத்து, மூன்று வாரம் கழித்து இடும் முட்டையைத்தான் ‘கரு இல்லாதது’ என்று நம்பி விற்க வேண்டும். அதுவரை தினமும் எடுத்து, தேதி எழுதி, குளிர்ச்சியில் வைத்து விற்றால் பழுது வராது. பஞ்சாரத்தை நண்பகலுக்குப் பிறகு திறந்துவிடுங்கள். கோழிகள் பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டையிடும் என்பதால், வைக்கோல் போரைத் தேடிப் போகும் கோழிகள் குறைந்துவிடும்.