வான்கோழி நெஞ்சிறைச்சியை ஈரம் குன்றாமல் வாட்டுவது எவ்வாறு?

கனடாவில் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1957ஆம் ஆண்டின் அரச பிரகடனமே இந்நாளை நிலைப்படுத்தியது. விளைச்சலுக்கு நன்றி கூறும் நாளாகையால், தைப்பொங்கலைக் கொண்டாடும் எமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பாடசாலையில் இவ்விருந்தைப் பற்றிக் கேட்டுவரும் எம் பிள்ளைகள், வீட்டிலும் வான்கோழி வேண்டுமென விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் பல இல்லங்களில் அது மேசைக்கு வரும்போது உலர்ந்து நார்நாராகி விடுகின்றது. பிள்ளைகளும் ஒரு துண்டுடன் நிறுத்திக்கொள்கின்றனர். இது சமைப்பவரின் கைப்பக்குவக் குறையன்று. நாம் பழகிய சமையலுக்கும் இவ்விறைச்சியின் இயல்புக்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணமாகும்.

உலர்வது ஏன்?

ஆட்டிறைச்சியை நாம் நெடுநேரம் வேகவைக்கின்றோம். அதிலுள்ள கொலாஜன் என்னும் இணைப்புப் பொருள் மெல்ல மெல்ல இளகுவதால் இறைச்சி மென்மையாகின்றது. வான்கோழியின் நெஞ்சுப்பகுதியோ கொழுப்பும் கொலாஜனும் குறைந்த வெண்ணிறத் தசையாகும். வெப்பம் ஏற ஏற அதன் புரதங்கள் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் நீரை வெளியேற்றுகின்றன. ஆட்டுக்கறியை மென்மையாக்கும் அதே பொறுமை வான்கோழி நெஞ்சைக் கெடுத்துவிடுகின்றது. முழுப் பறவையை வாட்டும்போது, கால்கள் பதமாகும் முன்னரே நெஞ்சு உலர்ந்து போவதும் இதனாலேயே. எனவே சிறு குடும்பத்தினர் எலும்புடன் கூடிய நெஞ்சுப்பகுதியை மட்டும் வாங்குவது நன்று.

முதல்நாள் ஆயத்தம்

உறைந்த இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே இளக விடுதல் வேண்டும். 2 கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு முழுநாள் செல்லும். சமையலறை மேசையில் வைத்து இளகச் செய்தால் கிருமிகள் பெருகும். பச்சை இறைச்சியைக் குழாய் நீரில் கழுவுதலும் தவிர்க்கத்தக்கது. தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும்.

இளகிய இறைச்சியின் ஈரத்தைத் தாளால் ஒற்றி, 2 கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பை எல்லாப் புறமும் தடவுக. பின்னர் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு மூடாது வைக்கவும். உப்பு மெல்ல உள்ளே ஊறிப் புரதங்களைத் தளர்த்துவதால் அவை நீரை விடாது பற்றிக்கொள்ளும். தோலும் உலர்ந்து, வாட்டும்போது மொறுமொறுப்பாகும். சில வான்கோழிகள் உப்புநீர் ஏற்றப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. உறையைப் படித்து, அவ்வாறாயின் உப்பைத் தவிர்த்துவிடுக.

வாட்டும் முறை

மிளகுத்தூளும் நசுக்கிய உள்ளியும் கலந்த வெண்ணெயைத் தோலுக்கு அடியிலும் மேலும் பூசுக. உறைப்பு விரும்புவோர் சிறிது மிளகாய்த்தூளும் சேர்க்கலாம். தட்டில் வெங்காயம், கரட், செலரித் துண்டுகளைப் பரப்பி, ஒரு கோப்பை நீர் வார்த்து, தோற்புறம் மேலிருக்க இறைச்சியை வைக்கவும். 165 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள போறணையில் 2 கிலோ இறைச்சி வேக ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். தோல் மிகையாகச் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுக.

எனினும் கடிகாரத்தை நம்புதல் போதாது; இறைச்சி வெப்பமானி ஒன்று அவசியம். அதன் முனையை எலும்பில் படாதவாறு மிகத் தடித்த இடத்தில் செலுத்துக. 74 பாகையைக் காட்டியதும் உடனே வெளியே எடுத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் எஞ்சக்கூடும். அதனை வெகுவாகக் கடந்தால் ஈரம் வற்றும். பின்னர் 20 நிமிடம் ஆறவிட்டு, நாரின் போக்குக்குக் குறுக்காக வெட்டுக. தட்டில் தேங்கிய சாற்றை வடித்துச் சிறிது மாவுடன் காய்ச்சினால் நல்ல குழம்பு கிடைக்கும்.

ஸ்டஃபிங்

இரண்டு நாட்பட்ட பாண் 500 கிராம் எடுத்துச் சிறு சதுரங்களாக வெட்டி உலர்த்துக. வெங்காயத்தையும் செலரியையும் வெண்ணெயில் வதக்கி, சேஜ், தைம் ஆகிய இலைகளைச் சேர்த்துப் பாணுடன் கலக்கவும். அடித்த முட்டை ஒன்றையும் இரண்டு கோப்பை கோழிச்சாற்றையும் ஊற்றிப் பிசறுக. இதனை இறைச்சிக்குள் அடைத்தால், உள்ளீடு வேகும் வரை இறைச்சி காத்திருந்து உலர்ந்துவிடும். எனவே தனித்தட்டில் இட்டு மூடி, இறைச்சி வேகும் கடைசி 45 நிமிடமும் அதே போறணையில் வைக்கவும். இறைச்சியை வெளியே எடுத்ததும் மூடியை நீக்கி, 200 பாகையில் 15 நிமிடம் விட்டால் மேற்புறம் பொன்னிறமாகும். இதன் நடுப்பகுதியும் 74 பாகையை அடைதல் வேண்டும்.

எஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் கொத்துரொட்டிக்குப் பயன்படும்.

பெற்றோர்களே, வெப்பமானியைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். மாணவர்களே, உப்பும் வெப்பமும் புரதத்தில் ஆற்றும் வேலையைப் பாடநூலில் மட்டுமன்றி அடுக்களையிலும் காணுங்கள். பொங்கற் பானையைச் சூழ்ந்து நிற்கும் குடும்பம் இவ்விருந்துக்கும் ஒன்றாக நின்று சமைக்குமாயின், புகுந்த நாட்டின் திருநாளும் எம் இல்லத்துத் திருநாளாகும்.