சிவப்பு ஃபில்டரும் கைக்குச் சிக்காத ஒளிமானியும்

படம் எடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். கருவி முக்கியம்தான். அது எப்போது முக்கியமாகிறது என்பதை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் வளர்ச்சியைக் கவனித்தால் புரியும்.

1916இல், 14 வயதில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போனபோது அவர் கையில் இருந்தது கோடாக் பிரௌனி என்ற எளிய பெட்டிக் கேமரா. பியானோ கலைஞராக வேண்டுமென்று பயிற்சி பெற்றுக்கொண்டே, மலையேறிப் படங்களும் எடுத்துவந்தார்.

1927 ஏப்ரலில் அங்குள்ள ஹாஃப் டோம் என்ற பாறைமலைக்கு எதிரே நின்றபோது, அவரிடம் மீதி இருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் வெளிறி, பாறையின் கம்பீரம் படத்தில் வராமல் போகும் என்பது எடுத்த பிறகே உறைத்தது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துவிடும். தெளிந்த வானத்தின் ஒளியில் நீலமே மிகுதி என்பதால், கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கருமையாகிவிடும். எல்லா நிறங்களையும் பிரதிபலிக்கும் பனி வெளுப்பாகவே நிற்கும். ஃபில்டர் பையில் முன்பே இருந்ததுதான். எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று மனத்தில் தெளிந்த பிறகே அதற்கு வேலை வந்தது.

தெளிவு இருந்தாலும் கணக்குத் தப்பினால் படம் கெடும். 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஆடம்ஸ் 'ஸோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்தார். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10; ஒரு படி ஏறினால் ஒளி இரட்டிப்பாகும். ஒளிமானி எதை அளந்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே, அதாவது 5ஆம் படி என்றே கொள்ளும். பனியை அளந்து அப்படியே எடுத்தால் பனியும் சாம்பலாகிவிடும். எது எந்தப் படியில் விழவேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்வதுதான் இந்த முறை.

1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டெஸ் சிற்றூர் வழியே காரில் போகும்போது இந்தப் பயிற்சி கைகொடுத்தது. நிலா எழுந்திருந்தது, மறையும் வெயில் கல்லறைச் சிலுவைகள்மேல் பட்டுக்கொண்டிருந்தது. அவசரமாகப் பெரிய கேமராவை நிறுத்தினார், ஒளிமானி அகப்படவில்லை. நிலாவின் ஒளியளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வர, நிலாவை 7ஆம் படியில் வைத்து மனக்கணக்காகவே ஒளியளவை முடிவு செய்தார். எஃப்/32 திறப்பில் ஒரு விநாடி. இன்னொன்று எடுப்பதற்குள் சிலுவைகள்மேலிருந்த வெயில் போய்விட்டது.

கிடைத்த நெகட்டிவ் அச்சிடச் சிரமமானது. சில இடங்களுக்கு ஒளியைக் கூட்டியும் சில இடங்களுக்குக் குறைத்தும் பல ஆண்டுகள் இருட்டறையில் அச்சிட்டார். பிற்காலப் பிரதிகளில் வானம் மேலும் மேலும் கறுத்தது. ஒரே நெகட்டிவிலிருந்து வெவ்வேறு படங்கள் பிறந்தன. அவர் ரசனை வளர்ந்ததற்கு அவையே சாட்சி.

எனவே அடுத்த கேமராவுக்குப் பணம் சேர்க்குமுன், இப்போதுள்ள செல்போனிலேயே வெளிச்ச அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒரே காட்சியைப் பலவிதமாக எடுத்துப் பாருங்கள். மனத்தில் உள்ள படத்தை அதனால் எட்டமுடியாத இடம் எதுவென்று சொல்லத் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். அப்போது வாங்கும் கருவி வீண்போகாது.