கழுத்தோரத்து விலாங்கு முள்

ஜொகூர் பாணி மலாய்ச் சட்டையான பாஜு குரோங் தெலுக் பெலாங்காவுக்குக் காலர் கிடையாது. வட்டக் கழுத்து, முன்புறம் சிறு பிளவு, அதை மூட ஒரே ஒரு பொத்தான். இந்தச் சட்டையில் தையல்காரியின் திறமை தெரிவது கழுத்தின் ஓரத்தில்தான்.

அந்த ஓரத் தையலை 'தூலாங் பெலுட்' என்பார்கள். விலாங்கு முள் என்று பொருள். துணியை வளைத்து வெட்டினால் விளிம்பில் இழை பிரியும். இழுத்தால் நெகிழ்ந்து தொங்கும். நேர் விளிம்பைப் போலச் சும்மா மடித்து அடிக்க முடியாது. அதனால் உட்புறம் ஒரு துணிப்பட்டை கொடுத்து, விளிம்பை நூலாலேயே நெருக்கி மூடுகிறார்கள். ஒரு தையல் முந்தையதன் குறுக்கே விழ விழ, தண்டும் முள்ளுமாக ஓர் உரு எழும். ஓரிடத்தில் இடைவெளி அகன்றாலும் கண்ணை உறுத்தும். முகத்துக்கு நேர் கீழே அல்லவா இருக்கிறது!

பிற்காலத்தில் சுல்தானான அபு பாக்கார், சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஆட்சி மாறியதன் நினைவாக 1866 வாக்கில் இந்த உடையை வகுத்தார் என்பார்கள். ஆண்களுக்கும் இதே கழுத்துதான். அரசர் பெயர் சட்டையோடு நிலைத்துவிட்டது. ஊசி பிடித்த பெண்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

தையல் நுணுக்கமாக இருந்தால் பெண் பொறுமைசாலி, குடும்பத்துக்கு ஏற்றவள் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் வீடுகளில் வாசல் கோலத்தைப் பார்த்து மருமகளை எடை போட்ட கதைதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. விரல் பழகியதைக் காட்டுமே தவிர, தையல் குணத்தைக் காட்டாது.

ஜொகூரின் மலாய்ப் பெண்கள் பள்ளிகளில் தையலும் பாடமாக இருந்தது. அப்பள்ளிகளின் ஆசிரியைகளே 1929-ல் சங்கம் அமைத்து, மறு ஆண்டு 'பூலான் மெலாயு' என்ற இதழைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் இபு ஜைன் என்று அறியப்பட்ட ஜைனோன் சுலைமான். 1959-ல் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். தையல் வகுப்பு பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்துதான் போனார்கள்.

ஜொகூர் பாருவில் கைத்தையல் என்று சொல்லி யாராவது சட்டை விற்றால், கழுத்தைத் திருப்பி உட்புறம் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி நேர்கோடாக ஓடினால் அது மெஷின் தையல். கைத்தையல் விலை கொடுக்காதீர்கள்.