இறுவட்டில் பதிந்தவை என்றும் நிலைக்குமா?

கணனி கிராமங்களுக்கு வந்த காலத்தில் சங்கங்களும் அலுவலகங்களும் தமது கூட்ட அறிக்கைகள், கணக்குகள், காணி உறுதிகளின் பிரதிகள், நிழற்படங்கள் முதலியவற்றை இறுவட்டுகளில் பதிந்து அலுமாரியில் வைத்தன. இனிக் கறையான் அரிக்காது என்ற நிம்மதி அனைவருக்கும் இருந்தது. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் சரியானது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

கடையில் வாங்கும் பாட்டு இறுவட்டில் தகவல்கள் நுண்ணிய பள்ளங்களாகத் தொழிற்சாலையிலேயே அச்சிடப்படுகின்றன. நாம் கணனியில் பதியும் இறுவட்டு வேறு வகையானது. ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் இதனை உருவாக்கியது. 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் தட்டின் மேல் ஒரு சாயப் படை, அதன்மேல் மிக மெல்லிய உலோகப் படை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெருகுப் பூச்சு என்பனவே இதன் அமைப்பாகும்.

பதியும்போது லேசர் கதிர் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகின்றது. சுடப்பட்ட இடம் ஒளியைக் குறைவாகவே தெறிக்கச் செய்யும். வாசிக்கும்போது வலுக்குறைந்த லேசர் இந்த வேறுபாட்டையே கண்டறிகின்றது. சுட்ட மண் மீண்டும் களிமண் ஆகாததுபோல, ஒருமுறை பதிந்ததை மாற்றி எழுத முடியாது. கணக்கேடுகளுக்கு இது நல்லதொரு பாதுகாப்பு. ஓர் இறுவட்டில் 650 அல்லது 700 மெகாபைற் தரவுகள் அடங்கும்.

ஆனால் மனிதர் மாற்ற முடியாததை வெயில் மாற்றிவிடும். சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்குகின்றது. ஈரப்பதன் உலோகப் படையைக் கெடுக்கின்றது. பலர் அடிப்பக்கத்தையே கவனமாகக் காக்கின்றனர். உண்மையில் பெயர் எழுதும் மேற்பக்கமே மென்மையானது. அங்கு ஆழமாகக் கீறல் விழுந்தால் உலோகப் படையே பெயர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் இதனை உருவாக்கிய நிறுவனமே 2015இல் இத்தொழிலிலிருந்து விலகியது. இன்றைய மடிக்கணனிகள் பெரும்பாலானவற்றில் இறுவட்டைப் போடும் இடமே இல்லை. தரவு நல்லபடி இருந்தாலும் வாசிக்கக் கருவி இல்லையெனில் பயன் என்ன?

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. இறுவட்டை விளிம்பில் பிடித்து, உறையிலிட்டு, வெயில்படாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தல்.

2. குமிழ்முனைப் பேனையால் எழுதாதிருத்தல், ஒட்டுத்தாள் ஒட்டாதிருத்தல்.

3. வெளியிலிருந்து பொருத்தும் வாசிப்புக் கருவியொன்றைச் சங்கங்கள் கூட்டாக வாங்கி, பழைய இறுவட்டுகளை இப்போதே பிரதி எடுத்தல்.

4. பிரதிகளைத் திறந்து சரிபார்த்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தல்.

நான்காவதை அற்பமாக எண்ண வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இல்லாதவை திரும்பக் கிடைக்கவேயில்லை. ஒரு கிராமத்தின் கணக்கும் உறுதியும் அக்கிராமத்தவருக்கு அத்துணை பெறுமதியானவையே. அலுமாரியைத் திறந்து பார்ப்போம்.